கடைசிக் கிளாஸில் கசடு

அத்தியாயம் 9

அருளானந்தம் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான். விழும்போது மேசை விரிப்பைப் பிடித்துக்கொண்டதால் நண்டு ஓடுகளும் சீலா மீன் துண்டுகளும் அவனோடு தரைக்கு வந்தன. அவன் குடித்த கண்ணாடிக் கிளாஸ் மட்டும் உடையவில்லை. உருண்டு வந்து மெஹருன்னிசாவின் காலடியில் நின்றது. அதன் அடியில் கறுப்பாகப் பொடி ஒட்டியிருந்தது.

மின்சாரம் போனதால் ஏற்றியிருந்த மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அருளானந்தத்தின் மனைவி அனிட்டாதான் அதை முதலில் பார்த்தாள்.

"பொடி! எம் புருசனுக்குப் பொடி கலந்து குடுத்துட்டான்!"

அவள் விரல் மாரீஸ்வரனைக் காட்டியது. அந்தக் கிளாஸை ஊற்றியவன் அவன்தான். காலி பாட்டில் இன்னும் அவன் கையில் இருந்தது.

"ஏய் அனிட்டா, என்ன பேசுற?"

"நீ பேசாத! இத்தன வருசமா மனசுக்குள்ள வச்சிருந்து இன்னைக்குத் தீத்துக்கிட்டீல்ல?"

கல்லூரியில் மாரீஸ்வரன் அவளைக் காதலித்தான். இவன் முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய்க் காட்டுக்காரர் மகன், அவள் பாம்பன் படகுக்காரர் மகள். இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் அருளானந்தத்தைக் கட்டிக்கொண்டாள். இவன் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. இருந்தும் ஆண்கள் இருவரும் நண்பர்களாகவே இருந்தார்கள். பழைய கதையை அருளானந்தம் குடித்துவிட்டுச் சொல்லிச் சிரிப்பான். மாரீஸ்வரனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். ஒரு வழக்குக்கு இவ்வளவு போதும்.

வீட்டுக்காரன் ஆன்டனி ராஜ் யோசிக்கவில்லை. மாரீஸ்வரனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பாட்டில்கள் வைக்கும் குளிர் அறைக்குள் தள்ளி, வெளியே பூட்டினான். ஒயினுக்கு வெளிச்சம் ஆகாது என்று ஜன்னலே வைக்காமல் கட்டிய அறை. மின்சாரம் போயிருந்ததால் ஏசியும் இல்லை. சாவியை அனிட்டா பிடுங்கி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"போலீசு வர்ற வரைக்கும் இது என்கிட்டதான் இருக்கும்."

போலீஸ் எப்படி வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

துப்பறியும் மெஹருன்னிசாவுக்கு இந்த வீட்டில் வேலையே இல்லை. ஆன்டனி ராஜின் எரிந்துபோன விசைப்படகுக்கு இன்சூரன்ஸ் விசாரணை முடித்துவிட்டு மதியமே ராமநாதபுரம் கிளம்பியிருக்க வேண்டும். காற்று முந்திக்கொண்டது. பாம்பன் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். தங்கச்சிமடம் போகும் சாலையில் ஒரு வேப்பமரம் மின்கம்பத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு குறுக்கே படுத்துவிட்டது. இந்தப் பக்கம் பாலம், அந்தப் பக்கம் மரம், நடுவில் அக்காள்மடம். அங்கிருந்து கடலுக்குப் போகும் மணல்பாதையின் கடைசியில் இந்த வீடு. பாதையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். மெஹருன்னிசாவின் கார் அதில் பாதி முங்கி நின்றது.

"சிக்கிக்கிட்டீங்க மேடம், வேற வழியில்ல, எங்க கூட சாப்புட்டுத்தான் ஆகணும்" என்று மாலையில் ஆன்டனி ராஜ் சிரித்தான். அந்தச் சிரிப்பு இப்போது அவன் முகத்தில் இல்லை.

"அய்யப்பா, டார்ச்ச அடி" என்றாள் மெஹருன்னிசா.

அவளுடைய உதவியாளன் அய்யப்பன் செல்போன் வெளிச்சத்தை அருளானந்தத்தின் முகத்தில் அடித்தான். வேகவைத்த நண்டு மாதிரி சிவந்திருந்தது. முகம், காது, கழுத்து, சட்டை திறந்திருந்த நெஞ்சு வரைக்கும் சிவப்பு. மூச்சு மேலும் கீழுமாக இழுத்தது. கழுத்து நரம்பு துள்ளுவது வெளியில் தெரிந்தது. ஒருமுறை வாந்தி எடுத்தான். கண்ணைத் திறந்து யாரையோ தேடி மறுபடியும் மூடினான்.

ஜன்னலோரம் ஒரே ஓர் இடத்தில் டவர் கிடைத்தது. மெஹருன்னிசா அங்கே ஒட்டி நின்று, ராமநாதபுரத்தில் தனக்குத் தெரிந்த டாக்டர் உமாமகேஸ்வரியைப் பிடித்தாள்.

"ஒருக்களிச்சுப் படுக்க வை. காலுக்கு அண்டை குடுத்து உசத்து" என்றார் டாக்டர். "ராமேஸ்வரத்துல இருந்து ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சாம். மரத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் வந்துரும். ஆனா என்ன உள்ள போச்சுன்னு தெரியாம எதையும் ஏத்த முடியாது மெஹரு. விசம்னா ஒரு வைத்தியம், இருதயம்னா ஒரு வைத்தியம். மாத்திச் செஞ்சா ஆளு போயிருவான். என்னன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. சீக்கிரம்."

"சொல்றேன்."

"சீக்கிரம்னா சீக்கிரம்."

மெஹருன்னிசா உருண்ட கிளாஸைக் கைக்குட்டையில் எடுத்தாள். உள்ளே ஒட்டியிருந்த கறுப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீதான மூணு பாட்டிலையும் குடிச்ச? மொதல்ல இருந்து சொல்லு" என்றாள் அய்யப்பனிடம்.

"நான் குடிக்கலக்கா. ருசி பாத்தேன். ரெண்டும் வேற வேறயாம், ஆன்டனி அண்ணே சொன்னாக."

ஆன்டனி ராஜ் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவன். ஊரில் ஒயின் நிபுணர் என்று சொல்லிக்கொள்வான். உண்மையில் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு எடுத்தவன். விட்டு வரும்போது மூன்று பழைய பாட்டில்களைக் கொண்டுவந்திருந்தான். அதற்காகவே இந்தக் குளிர் அறை, இந்த விருந்து. அவன் பாட்டிலைத் துணியில் சுற்றி, கழுத்துக்குக் கீழே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றியதை மெஹருன்னிசாவும் எலுமிச்சை ஜூஸைக் குடித்தபடி பார்த்திருந்தாள்.

"மொத பாட்டிலு ஈர மண்ணு வாசம்னாரு" என்றான் அய்யப்பன். "எனக்கு எங்க வீட்டுப் பரண் வாசந்தான் அடிச்சுச்சு. ரெண்டாவது பொகையில வாசம். பொகையிலன்னா கடையிலயே கெடைக்குது, அதுக்குப் போயி பிரான்சு வரைக்கும் போவணுமா? மூணாவது போர்தோன்னு ஒரு ஊராம். நம்ம அனிட்டா அக்கா பள்ளிக்கூடம் போறப்ப அடச்சு வச்சது. அதத் தெறந்தப்பத்தான் கரண்டு போச்சு. ஜன்னல் கதவு படார்னு தெறந்து மெழுகுவத்தியும் அணஞ்சு போச்சு. ஆன்டனி அண்ணே கதவச் சாத்த ஓடினாரு. மிச்சத்த மாரி அண்ணே கையில எடுத்து, 'சொட்டு வைக்கக் கூடாதுலே'ன்னு அருள் அண்ணனுக்குத் தலைகீழாக் கவுத்துட்டாரு."

"தலைகீழாவா?"

"கள்ளுக் கலயத்தக் கவுக்குற மாதிரி."

மெஹருன்னிசா ஆன்டனி ராஜைத் திரும்பிப் பார்த்தாள். அவன் நண்பனின் தலையை மடியில் வைத்து விசிறிக்கொண்டிருந்தான்.

"அந்த மெழுகுவத்தி எதுக்குங்க?"

"என்ன மேடம் இப்பப் போயி?"

"எதுக்கு?"

"அங்கன அப்படித்தான் செய்வாக. ஒரு மரியாதை."

"யாருக்கு?"

"பழைய ஒயினுக்கு."

"மொத ரெண்டு பாட்டில்லயும் அடியில கொஞ்சம் விட்டுட்டீங்களே. அதுவும் மரியாதையா?"

"அங்கன யாரும் மொத்தத்தையும் ஊத்த மாட்டாக. ஏன்னு நான் கேட்டதில்ல."

மெஹருன்னிசா மேசைக்கு அடியிலிருந்து முதல் பாட்டிலை எடுத்தாள். அடியில் விரற்கடை அளவுக்கு மிச்சம் இருந்தது. அதை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் கவிழ்த்தாள். கருவாட்டுக் குழம்பின் அடிச்சட்டி மாதிரி கறுப்பாக ஊறி வந்தது. இரண்டாவது பாட்டிலும் அப்படியே. தட்டில் இரண்டு கறுப்புப் பொடித் திட்டுகள். அருளானந்தத்தின் கிளாஸில் இருந்தது மூன்றாவது.

"நல்லெண்ணெய் வாங்கி வச்சா அடியில கசடு நிக்கும். மேலாப்ல ஊத்தறவ விளக்கு வெளிச்சத்துல பாத்துத்தான் ஊத்துவா" என்றாள். "மெழுகுவத்தி மரியாதைக்கு இல்ல. கசடு கழுத்துக்கு ஏறுதான்னு பாக்க. வெளக்கு அணஞ்சதும் மாரீஸ்வரன் மொத்தமாக் கவுத்தாரு, கசடு அருளானந்தம் கிளாசுக்குப் போச்சு. இத்தன வருசம் படுத்துக் கெடந்த பாட்டில்ல இது இல்லாட்டித்தான் ஆச்சரியம்."

"நீங்க சொல்லிட்டாப் போதுமா?" அனிட்டாவின் குரல் உடைந்தது. "நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாத்தீகளா? மூணுலயும் அவன் கலந்திருந்தா?"

மெஹருன்னிசா அய்யப்பனைப் பார்த்தாள். அய்யப்பன் தட்டைப் பார்த்தான்.

"அக்கா, நான் இன்னும் கல்யாணம் பண்ணலக்கா."

"தெரியும்."

"எங்க அய்யாவுக்கு நான் ஒரே பையன்."

"அதுவும் தெரியும்."

அவன் அருளானந்தத்தின் கிளாஸில் ஒட்டியிருந்த கறுப்பை விரலால் வழித்து நாக்கில் வைத்தான். முகத்தைச் சுளித்தான். பிறகு தட்டில் இருந்ததையும் வழித்தான்.

"மூணும் ஒரே ருசி. புளியங்கொட்ட தோல மென்ன மாதிரி. செத்தா சொல்றேன்."

அவன் சாகவில்லை. ஆனால் அருளானந்தம் செத்துக்கொண்டிருந்தான்.

குளிர் அறைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மெஹருன்னிசா அருகில் போனாள்.

"மேடம், அவனுக்கு எப்படி இருக்கு?" உள்ளிருந்து மாரீஸ்வரன்.

"மோசம். உங்களுக்கு?"

"காத்து இல்ல. இருட்டுல சொவரு எங்கன இருக்குன்னு தெரியல. பரவால்ல. அவனப் பாருங்க."

"அவரு வீட்டுக்குள்ள வந்ததுல இருந்து வித்தியாசமா ஏதும் பாத்தீங்களா?"

"தாடி வச்சிருந்தான். என்னலே தேவதாஸ் வேசம்னு கேட்டேன். சேவிங் பண்ணிட்டு லோஷன் போட்டா மூஞ்சியெல்லாம் செவந்து எரியுதாம். அதான் விட்டுட்டேன்னான். வேற ஒண்ணும் இல்ல."

"கதவத் தெறக்கச் சொல்லவா? பொடி வெறும் கசடுதான்னு ஆகிப்போச்சு."

உள்ளே அவன் கதவில் சாய்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"பழி போட்டவ தெறக்கட்டும்" என்றான். "நீங்க தெறந்தா நான் குத்தவாளியாவே வெளிய வருவேன்."

அய்யப்பன் தன் செல்போனை நீட்டினான். "அக்கா, இதப் பாருங்க. ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு செல்ஃபி எடுத்தேன். நான் அழகா இருக்கேன், அத விடுங்க. அருள் அண்ணனப் பாருங்க."

முதல் படத்தில் பாட்டில் திறக்கவில்லை. அருளானந்தம் மற்றவர்களைப் போலவே கறுப்பாக இருந்தான். இரண்டாவது படம் முதல் பாட்டில் காலியான பிறகு எடுத்தது. அதில் எல்லோரும் சிரிக்கிறார்கள், அருளானந்தத்தின் முகம் மட்டும் செங்கல் நிறம். பக்கத்தில் அனிட்டா தன் கையாலேயே அவனுக்கு அடுத்த கிளாஸை நகர்த்திக் கொடுக்கிறாள்.

"கடைசிக் கிளாசுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு" என்றாள் மெஹருன்னிசா.

"அப்ப மொத பாட்டில்லயே கலந்துட்டான்!" என்றாள் அனிட்டா.

"மொத பாட்டில ஊத்தினது ஆன்டனி ராஜ். அஞ்சு பேருக்கும் ஒரே பாட்டில். நீங்களும் ஒரு வாய் குடிச்சீங்க."

"கிளாசுல தடவியிருப்பான்!"

"கிளாஸ யாருக்கு எதுன்னு எடுத்து வச்சது நீங்க."

அனிட்டா சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மெஹருன்னிசா நடந்தாள். நடக்க அந்த அறையில் இடமில்லை. ஒரு பக்கம் மேசை, ஒரு பக்கம் படுத்துக் கிடப்பவன், சுற்றிலும் காற்றில் அதிரும் ஜன்னல்கள். ஒரே பாட்டில், ஒரே சாப்பாடு. மற்ற நான்கு பேர் நன்றாக இருக்கிறார்கள், நாக்கில் கசடு தடவியவன் உட்பட. குடித்ததில் ஒன்றும் இல்லை என்றால், பிறகு எதில்?

ஜன்னல் திண்டில் வைத்திருந்த போன் அடித்தது. டாக்டர்தான்.

"மெஹரு, ஆம்புலன்ஸ் மரத்துக்கிட்ட நிக்குது. தூக்கிட்டு வர முடியுமா?"

"முடியும். மூணு ஆம்பள வேணும். ஒருத்தர உள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்கு."

"என்ன குடிச்சான்?"

"அதான் தெரியல."

"நாடி எப்படி?"

ஆன்டனி ராஜ் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். "மேடம், கையி சில்லுனு ஆகிப்போச்சு. வேத்து ஊத்துது. கடல்ல வெறச்சுப் போனவன் மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு அவன் எழுந்தான். அலமாரியைத் திறந்து ஒரு பிராந்தி பாட்டிலை எடுத்தான். கடலில் விழுந்து விறைத்து வருபவனுக்கு அந்தக் கரையில் எல்லோரும் செய்வது அதுதான். உள்ளங்கை, உள்ளங்காலில் பிராந்தி தேய்ப்பார்கள். பல்லைத் திறந்து ஒரு மடக்கு ஊற்றுவார்கள். ஆன்டனி ராஜ் அப்படி இரண்டு பேரைப் பிழைக்க வைத்திருக்கிறான். இப்போதும் உள்ளங்கையில் பிராந்தியை ஊற்றி, அருளானந்தத்தின் முழங்கையிலிருந்து தோள் வரை அழுத்தித் தேய்த்தான். கையை எடுத்தான்.

மெஹருன்னிசா நின்றாள்.

அருளானந்தத்தின் புஜத்தில் ஆன்டனி ராஜின் கை இன்னும் இருந்தது. ஐந்து விரலும் ஒரு உள்ளங்கையும், ரத்தச் சிவப்பில், அப்படியே அச்சு எடுத்தது போல.

சேவிங் லோஷன். அதிலும் ஸ்பிரிட்டுதான்.

அவள் ஆன்டனி ராஜின் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அவன் பாட்டிலின் வாயை அருளானந்தத்தின் உதட்டருகே கொண்டுபோயிருந்தான்.

"விடுங்க மேடம், ஒரு மடக்கு உள்ள போனா சூடு ஏறிரும்!"

"ஏறட்டும். ஆனா நீங்க ஊத்த வேணாம்." பாட்டிலை வாங்கி அனிட்டாவிடம் நீட்டினாள். "அவுக சம்சாரம் ஊத்தட்டும்."

அனிட்டா பாட்டிலைப் பார்த்தாள். பின்வாங்கினாள்.

"வேணாம்."

"ஏன்?"

"பிராந்தி வேணாம். பிராந்தி மட்டும் வேணாம்."

"ஒங்க புருசன் உயிருக்குப் போராடுறாரு. ஒரு மடக்கு. ஊத்துங்க."

"அவுகளுக்கு ஆகாது! பிராந்தி குடிச்சா அவுக..." அனிட்டா நிறுத்தினாள்.

காற்று ஒரு ஜன்னலை உலுக்கிவிட்டுப் போனது. ஆன்டனி ராஜ் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"குடிச்சா என்ன ஆகும்?" என்றாள் மெஹருன்னிசா. குரலை உயர்த்தவில்லை. "மூஞ்சி செவக்கும். படபடன்னு வரும். வாந்தி எடுப்பாரு. அப்புறம் பயந்துக்கிட்டு அந்தப் பக்கமே போக மாட்டாரு. அதான கணக்கு? எதுல கலந்து குடுக்குறீங்க? சோத்துலயா, காப்பிலயா?"

அனிட்டா தரையில் உட்கார்ந்தாள்.

"காப்பில" என்றாள்.

அய்யப்பன் டார்ச்சைத் தரைப்பக்கம் தாழ்த்தினான்.

"எந் தங்கச்சி ஆஸ்லின் வாங்கிக் குடுத்துச்சு. குடிய மறக்கடிக்கிற மாத்திரைன்னு. இடிச்சுப் பொடியாக்கி தெனம் காலையில காப்பில... தெனம் குடிச்சிட்டு வந்து கடல்ல போயி விழுந்துருவாகளோன்னு எனக்குப் பயம். ரெண்டு தடவ பிராந்தி குடிச்சு வாந்தி எடுத்தாக. அப்புறம் தொடவே இல்ல. மாதாவுக்கு நேந்துக்கிட்டேன், மாதா நிறுத்திட்டான்னு சொல்லி வச்சேன். நல்லாத்தான் இருந்தாக." அவள் நிமிர்ந்தாள். "ஆனா இன்னைக்கு அவுக பிராந்தி குடிக்கல மேடம்! ஒரு சொட்டு குடிக்கல! நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன்? ஒயின்தான குடிச்சாக!"

மெஹருன்னிசா பிராந்தி பாட்டிலை மூடிக் கீழே வைத்தாள்.

"ஒயின்ல என்ன இருக்கு? சாமியாரு சர்ச்சுப் பூசையில குடிக்கிறதுதான? கிறிஸ்மசுக்கு நானே சாடியில போட்டு வைப்பேன், புள்ளைகளுக்குக்கூட ஒரு மூடி ஊத்திக் குடுப்பேன். அது எப்படிச் சாராயமாகும்? அதனாலதான நானே..."

முடிக்கவில்லை. தான் நகர்த்திக் கொடுத்த கிளாஸ்கள் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வருவது முகத்தில் தெரிந்தது.

"அதுவும் சாராயந்தாம்மா" என்றாள் மெஹருன்னிசா. "நான் வாழ்க்கையில ஒரு சொட்டு குடிச்சதில்ல. ஆனா எதெது எங்களுக்கு ஆகாதுன்னு சின்னப் புள்ளையிலயே சொல்லி வளத்தாங்க. அதுல ஒயினும் உண்டு. விசம் கிளாசுல இல்ல. காலையிலயே ஆளுக்குள்ள போயிருச்சு. கிளாசு அத எழுப்பி விட்டுச்சு, அவ்வளவுதான்."

அவள் ஜன்னலுக்குப் போய் டாக்டரிடம் நான்கே வார்த்தையில் சொன்னாள். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"பிராந்தி ஏதும் குடுத்தீங்களா?"

"உதடு வரைக்கும் போச்சு. உள்ள போகல. கையில தேச்சிருக்கு."

"உடனே கழுவு. குடுத்திருந்தா இப்ப நீ எனக்குப் போன் பண்ண வேண்டியதே இல்ல. ஆம்புலன்ஸ் ஆளுககிட்ட நான் பேசுறேன். குளுக்கோசும் ஆக்ஸிஜனும் வண்டியிலயே இருக்கு. தூக்கிட்டுப் போங்க, நிக்காதீங்க."

மெஹருன்னிசா அனிட்டாவின் முன்னால் குனிந்து கையை நீட்டினாள். அனிட்டா சாவியைக் கொடுக்கவில்லை. எழுந்தாள். தானே போய்ப் பூட்டைத் திறந்தாள்.

மாரீஸ்வரன் வியர்வையில் நனைந்து வாசலில் நின்றான். அவளைப் பார்த்தான். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தபடி எல்லாவற்றையும் அவன் கேட்டிருக்க வேண்டும். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அவள் கையிலிருந்து சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவளைத் தாண்டிப் போனான்.

"ஆன்டனி, அந்த நைலான் கட்டில எடுலே. நான் கால் பக்கம் பிடிக்கிறேன்."

மூன்று ஆண்களும் கட்டிலைத் தோளுக்கு ஏற்றினார்கள். மெஹருன்னிசா டார்ச்சோடு முன்னால் நடந்தாள். அனிட்டா ஒரு தார்ப்பாயைக் கணவன் மேல் பிடித்தபடி தண்ணீரில் தடுமாறி வந்தாள். மணல்பாதையின் தண்ணீர் இடுப்புக்குக் கீழே இழுத்தது. அய்யப்பன் மட்டும் பேசிக்கொண்டே வந்தான்.

"அருள் அண்ணே, கேக்குதா? இவ்வளவு செலவு பண்ணி பிரெஞ்சு ஒயின் குடிச்சு வாந்தி எடுத்த மொத ஆளு நீங்கதான். நாளைக்கு ஆன்டனி அண்ணே பாட்டில் காசு கேப்பாரு, மயக்கத்துலயே இருங்க."

"ஏலே, வாய மூடிட்டு நட" என்றது கட்டிலிலிருந்து ஒரு பலவீனமான குரல்.

எல்லோரும் கொஞ்சம் வேகமாக நடந்தார்கள்.

சாலையில் மரத்தின் கிளைகளுக்கு இடையே கட்டிலைக் கைமாற்றி அந்தப் பக்கம் கொடுத்தார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் அருளானந்தத்தை உள்ளே ஏற்றி மூக்கில் குழாய் மாட்டினார்கள். கையில் ஊசி ஏறியது. வண்டி விளக்கில் அவன் முகத்தின் சிவப்பு கொஞ்சம் இறங்கியிருப்பது தெரிந்தது.

மெஹருன்னிசா அனிட்டாவின் காதருகே சொன்னாள். "ஆசுபத்திரியில டாக்டர் எப்படியும் சொல்லிருவாங்க. அதுக்கு முன்னாடி நீங்க சொல்லிருங்க."

"கொன்னே போட்டுருவாக மேடம்."

"நீங்க இன்னைக்குக் கிட்டத்தட்ட அதத்தான் செஞ்சீங்க."

அனிட்டா ஏறி உட்கார்ந்தாள். அருளானந்தம் கண்ணைத் திறந்தான். திறந்த கதவு வழியாக மழையில் நிற்கும் நண்பர்களைப் பார்த்தான். சிரிக்க முயன்றான்.

"ஏலே மாரி. அந்தக் கடைசிக் கிளாசுல என்னத்தலே கலந்த?"

பாதி விளையாட்டு. மீதிப் பாதி விளையாட்டு இல்லை. மழைத் தண்ணீர் முகத்தில் ஓட, மாரீஸ்வரன் அனிட்டாவைப் பார்த்தான். அவ்வளவுதான், வெறுமே பார்த்தான்.

"அவரு இல்ல" என்றாள் அனிட்டா. "நாந்தான்."

கதவு சாத்தப்பட்டது.

வண்டி கிளம்பவில்லை. பின்சக்கரம் ஈர மணலில் சுற்றிச் சுற்றிக் குழி பறித்தது. மூன்று ஆண்களும் மரத்தைத் தாண்டிப் போய்ப் பின்னாலிருந்து தள்ளினார்கள். கண்ணாடிக்குள் அவள் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவன் வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவளால் இறங்க முடியாது, அவனால் எழ முடியாது. ராமேஸ்வரம் வரைக்கும் அப்படித்தான்.

சக்கரம் பிடித்தது. சிவப்பு விளக்கு மழையில் சின்னதாகிப் போனது.

"அக்கா, அந்தம்மா மேல கேசு உண்டா?" என்றான் அய்யப்பன்.

"அது அவரு எந்திரிச்சு முடிவு பண்ணட்டும்."

மாரீஸ்வரன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு ஆன்டனி ராஜின் கையில் வைத்தான்.

"அந்த ரூமுக்கு உள்ள இருந்தும் தெறக்குற மாதிரி ஒரு தாப்பாளு போடுலே" என்றான்.